பழைய லேப்டாப்புக்கு ரேம் போடலாமா? சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: “என் மகன் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் இருக்கிறது. அவன் வேலைக்குப் போய்விட்டான். இப்போது மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறேன். வீட்டுக்காரர் ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போடுகிறார். எங்கள் மகளிர் குழுவின் ஐந்து வருடக் கணக்கும் அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. ஆன் செய்தால் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்தால் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு கடைக்காரர், ‘ரேம் போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். இன்னொருவர், ‘தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்’ என்கிறார். கையில் இருப்பது ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை வாங்க வைத்திருக்கும் பணம். என்ன செய்யலாம்? ரேமை நாங்களே மாட்ட முடியுமா?”

- வாசகி, ஜோலார்பேட்டை ஒன்றியம்.

பதில்: சகோதரி, விதைக்கடலைப் பணத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குச் செலவே இல்லை. கால் மணி நேரம் போதும். அதன் பிறகு ரேம் வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம். உங்கள் லேப்டாப்பின் அடிமூடி எளிதாகக் கழலும் வகையாக இருந்தால், மாட்டுகிற வேலையை உங்கள் மகளே செய்துவிடுவாள்.

பயிர்ப் பக்கத்தில் லேப்டாப் கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். பட்டா, சிட்டா பார்ப்பது, பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது, குழுக் கணக்கு எழுதுவது என்று எல்லாமே இன்று கணினிக்கு வந்துவிட்டன. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த லேப்டாப்கள் லட்சக்கணக்கான கிராமத்து வீடுகளுக்கு வந்தன. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அவற்றில் பல இன்று பீரோ மேல் தூசி படிந்து கிடக்கின்றன. சிலவற்றை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர முடியும்.

களமும் குதிரும்

ரேம் என்பது களம். ஹார்டு டிஸ்க் என்பது குதிர். அறுத்த கதிரைக் களத்தில் போட்டுத்தான் அடிக்கிறோம். வேலை முடிந்ததும் குதிரில் சேர்க்கிறோம். கணினியும் எந்த வேலையைச் செய்தாலும் குதிரிலிருந்து எடுத்துக் களத்தில் பரப்பித்தான் செய்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் களம் காலியாகிவிடும். குதிரில் உள்ளது அப்படியே இருக்கும். அதனால் ரேமை மாற்றினால் உங்கள் கணக்கு அழியாது.

களம் சிறியது, கதிர் அதிகம் என்றால் என்ன ஆகும்? கொஞ்சத்தை அள்ளிக் குதிரில் வைத்துவிட்டு, வேறு கொஞ்சத்தைப் பரப்ப வேண்டியிருக்கும். நாள் முழுவதும் அள்ளுவதிலும் கொட்டுவதிலுமே போய்விடும். ரேம் போதாத லேப்டாப்பில் நடப்பதும் இதுதான். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் 2 ஜி.பி. ரேம் இருந்தது. அன்றைய வேலைக்கு அது போதும். இன்று இணையப் பக்கம் நான்கைத் திறந்தாலே களம் நிரம்பிவிடுகிறது.

மண் பரிசோதனை போல ஒரு சோதனை

இலை மஞ்சளானவுடன் யூரியா போடக் கூடாது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்து இலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நிறம் ஒன்றுதான், காரணம் வேறு. லேப்டாப் மெதுவாக ஓடுவதற்கும் இப்படிப் பல காரணங்கள் உண்டு.

வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் ஒன்றாகத் திறந்து வையுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 என்றால் அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய்ப் பாருங்கள்.

மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். கூடவே டிஸ்க்கும் 100 சதவீதம் காட்டும். அது களத்துக்கும் குதிருக்கும் நடக்கும் அலைச்சல்.

மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் ரேம் போட்டுப் பயனில்லை. ஹார்டு டிஸ்க்தான் தளர்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். அப்படியானால் குழுக் கணக்கை அன்றைக்கே வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள்.

சி.பி.யு. எப்போதும் உச்சத்தில் இருந்தால் வைரஸோ தேவையில்லாத மென்பொருளோ ஓடுகிறதா என்று பாருங்கள். லேப்டாப் கொதிக்கச் சூடாகிறது என்றால் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். கடலை உடைக்கும் வீட்டில் தூசிக்குக் குறைவிருக்காது. மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் அதை எடுத்துவிடலாம்.

வாங்கும் முன் தெரிய வேண்டிய நான்கு விவரங்கள்

ஒன்று, ஸ்லாட். அதே மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். ஒன்று காலியாக இருந்தால் பழைய ரேமை வைத்துக்கொண்டே புதிதைச் சேர்க்கலாம். இரண்டும் நிரம்பியிருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். சில மாடல்களில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். தனி ஸ்லாட்டும் இல்லையென்றால் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு, வகை. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நுழையாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். டி.டி.ஆர்.3-இலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரண்டு உண்டு. ஒட்டுத்தாளில் பி.சி.3 என்று இருந்தால் 1.5 வோல்ட். பி.சி.3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட். ‘எல்’ போட்டது பொதுவாக இரண்டிலும் ஓடும். ‘எல்’ இல்லாதது எல்லாவற்றிலும் ஓடாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே நல்லது. மேசைக் கணினி ரேம் நீளமானது, லேப்டாப்புக்கு ஆகாது.

மூன்று, உச்ச அளவு. ஒவ்வொரு மாடலும் எத்தனை ஜி.பி. வரை ஏற்கும் என்பதற்கு வரம்பு உண்டு. அடியில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்க்கலாம்.

நான்கு, விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. செட்டிங்ஸில் ‘அபௌட்’ பகுதியில் ‘சிஸ்டம் டைப்’ என்று இருக்கும். 32 பிட் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் பயனில்லை. கூடுதல் களம் இருந்தும் வேலி போட்டு அடைத்த கதைதான். 64 பிட்டாக மாற்றிப் பதிந்த பிறகுதான் மிச்சத்தைப் பயன்படுத்த முடியும்.

கடையில் பில் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரேம் விலை தேங்காய் விலை போல ஏறி இறங்கும். திருப்பத்தூரில் ஒரு கடை, வாணியம்பாடியில் ஒரு கடை என்று ஒரே நாளில் இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

மாட்டும் முறை

1. முதலில் குழுக் கணக்கைப் பென் டிரைவில் காப்பி எடுங்கள். அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். ரேம் மாற்றுவதால் கணக்கு அழியாது என்றாலும், பழைய லேப்டாப்பைத் திறக்கும்போது இந்த எச்சரிக்கை வேண்டும்.

2. லேப்டாப்பை முழுதாக அணைத்து விடுங்கள். மூடி வைத்தால் அது தூங்கும், அணையாது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமுள்ள மின்சாரம் வடிந்துவிடும்.

3. வெளியே கழற்ற முடியாதபடி பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால் முதல் தடவை நீங்களாகத் திறக்க வேண்டாம். கடையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். அடுத்த முறை கை பழகிவிடும்.

4. மர மேசையில் பருத்தித் துணி விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். நைலான் புடவையும் பிளாஸ்டிக் பாயும் வேண்டாம். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுத்துவிடும். பெயின்ட் அடிக்காத இரும்புப் பொருள் எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

5. சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று தாளில் படம் போட்டு அதன் மேலேயே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

6. ரேமின் இரு பக்கமும் சிறு கவ்விகள் இருக்கும். அவற்றை வெளிப்பக்கம் விலக்கினால் ரேம் தானாகச் சாய்ந்து எழும். ஓரத்தைப் பிடித்து இழுங்கள். பொன்னிறப் பற்களைத் தொடாதீர்கள்.

7. புதியதன் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அது வேறு வகை. பலத்தைக் காட்டாதீர்கள். பொருந்தினால் சாய்வாக உள்ளே நுழைத்து, பற்கள் மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரு கவ்வியும் ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும்.

8. மூடி, பேட்டரியை மாட்டி ஆன் செய்யுங்கள். முதல் முறை திரை சற்று நேரம் கறுப்பாக இருக்கலாம். பதற வேண்டாம்.

திரை வராவிட்டால், அல்லது ‘பீப் பீப்’ என்று கத்தினால், பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை. மறுபடி அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ரேமை எடுத்து மாட்டுங்கள். பழைய ரேமின் பற்கள் மங்கியிருந்தால் மென்மையான அழி ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக மாட்டிப் பாருங்கள். எது பழுது என்று தெரிந்துவிடும். திரை வந்ததும் டாஸ்க் மேனேஜரில் புதிய அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். அன்றைக்கு இரவே ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை ஓட விடுங்கள். பிழை காட்டினால் பில்லோடு கடைக்குப் போங்கள்.

செலவுக் கணக்கு

பழைய மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்வதா, புதிதாக வாங்குவதா என்று பார்க்க நாம் போடும் கணக்கே இதற்கும் பொருந்தும். செலவு புதியதன் விலையில் கால் பங்குக்குள் அடங்கி, இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றால் செய்யலாம். திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாமே போய்விட்ட லேப்டாப்பில் ரேமுக்கு மட்டும் பணம் போடுவது ஓட்டைச் சாக்கில் கடலை அள்ளுவது போல. மகளின் பாடத்துக்கும் குழுக் கணக்குக்கும் 4 ஜி.பி. கைகொடுக்கும், முடிந்தால் 8 ஜி.பி. நிம்மதி. எந்த முடிவானாலும் விதைக்கடலை முதலில். பட்டம் தவறினால் திரும்பாது. ரேமை அடுத்த மாதச் சம்பளத்திலும் வாங்கலாம்.

மேலும் இரண்டு கேள்விகள்

கேள்வி: விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்பு இல்லை என்கிறார்களே, அதற்குப் போய் ரேம் வாங்கலாமா? - வாசகர், நாட்றம்பள்ளி.

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேமோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் வேண்டும். பழைய அரசு லேப்டாப்களில் ரேம் கூட்டினாலும் அது நடக்காது. அதற்கு மாற்று, லினக்ஸ். லினக்ஸ் மின்ட் இலவசம், 2 ஜி.பி. ரேமில் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் நன்றாக ஓடும். தமிழிலும் தட்டச்சு செய்யலாம். ஏற்க வேண்டிய ஒரு சிரமம் புதிதாகப் பழகுவது. வங்கி வேலை செய்யும் லேப்டாப் என்றால் மாறிவிடுவதே நல்லது.

கேள்வி: செல்போனுக்கும் இப்படி ரேம் போட முடியுமா? - வாசகி, ஏலகிரி மலை.

பதில்: முடியாது. போனில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். ‘8 கூட்டல் 8 ஜி.பி.’ என்று விளம்பரத்தில் வரும் இரண்டாவது எட்டு, குதிரின் ஒரு மூலையைக் களமாகக் காட்டும் ஏற்பாடு. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. போன் வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அடுத்த இதழில் நிலக்கடலை விதை நேர்த்தி பற்றிப் பார்ப்போம். விதைக்கடலையை இப்போதே உடைத்து வைக்காதீர்கள். விதைப்பதற்கு முந்தைய நாட்களில் உடைத்தால்தான் முளைப்பு குறையாமல் இருக்கும்.