குறை மொழியில் இல்லை. கை நனையாத வகுப்பறையில்!



‘தமிழில் அறிவியல் படித்தால் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தடுமாறும், ஆங்கிலத்திலேயே படிக்கட்டும்.’ செண்டாயான் வட்டாரத்துப் பெற்றோரிடம் ஒவ்வோர் ஆண்டும் நான் கேட்கும் பேச்சு இது. தமிழ்ப்பள்ளியில் படித்து உயர்ந்தவர்கள் சிலரும் இதையே வேதவாக்குப்போல் ஒப்புவிக்கின்றனர். இக்கூற்றை நான் மறுக்கிறேன். நம் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்குகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் தமிழ் அன்று. செய்து பார்க்காமலே எழுதிக்கொள்ளும் கல்விதான். உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு மொழியைக் கூண்டில் ஏற்றுகிறோம்!

முதலில் ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம். 2003 ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. மடிக்கணினிகள் வந்தன, படம்வீழ்த்திகள் வந்தன, குறுவட்டுகள் வந்தன. விளைவு என்ன? ‘டிம்ஸ்’ எனப்படும் அனைத்துலக ஆய்வில் நம் இரண்டாம் படிவ மாணவர்களின் அறிவியல் சராசரிப் புள்ளி 2003 இல் 510. 2007 இல் 471. 2011 இல் 426. அந்த 2011 ஆம் ஆண்டு மாணவர்களுள் பெரும்பாலோர் முதலாம் ஆண்டு தொடங்கியே அறிவியலை ஆங்கிலத்தில் படித்தவர்கள். இவ்வீழ்ச்சிக்கு மொழி மாற்றம் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், ஆங்கிலம் வந்தால் அறிவியல் தானே உயரும் என்ற வாக்குறுதி பொய்த்தது என்று துணிந்து சொல்வேன். 2009 சூலையில் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசே அறிவித்தது. அந்தப் பாடம் மறப்பதற்குள் 2016 இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. இம்முறை கட்டாயம் இல்லை. நாமே விரும்பிக் கேட்கிறோம். இதுவன்றோ வேதனை!

சரி, மொழியை விடுவோம், வகுப்பறைக்குள் வருவோம். ஒரு நெகிழிப் புட்டியில் மேலே, நடுவே, அடியில் என மூன்று துளைகள் இட்டு நீர் நிரப்பினால் எந்தத் துளையின் நீர் மிகத் தொலைவில் விழும்? பல பயிற்சி நூல்களில் ஒரு படம் இருக்கும். அடித்துளையின் நீரே மிகத் தொலைவில் விழுவதாக அதில் வரைந்திருப்பார்கள். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்பது விளக்கம். மாணவர் அதைப் பார்த்து எழுதுவார், ஆசிரியர் சரியென்று குறியிடுவார், பாடம் முடிந்தது.

அதே புட்டியை மேசைமீது வைத்து, நீர்மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே செய்து பாருங்கள். மேசைப்பரப்பில் மிகத் தொலைவில் விழுவது நடுத்துளையின் நீர்! அடித்துளை நீர்தான் மிக வேகமாகப் பாய்கிறது, ஐயமில்லை. ஆனால், மேசையைத் தொடுவதற்கு முன் அது விழுவதற்கு உயரம் இல்லை. புட்டியை ஓர் உயரமான பலகைமேல் தூக்கி வைத்து, நீர் கீழே தரையில் விழுமாறு செய்தால், அடித்துளை நீரே வெல்லும். என் வகுப்பில் இதைச் செய்தபோது பத்து வயதுப் பிள்ளைகள் புத்தகத்தோடு வழக்காடினார்கள். உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று பாடத்திட்டம் அடுக்கும் செயற்பாங்குத் திறன்கள் அத்தனையும் அந்த அரைமணி நேர வழக்கில் இருந்தன. வழக்காடிய மொழி தமிழ். தெரியாத மொழியில் ஒரு குழந்தை மனப்பாடம் செய்யலாம்; வழக்காட முடியுமா?

‘தமிழில் அறிவியலுக்குச் சொல் ஏது?’ என்று அடுத்த கணையை எய்வார்கள். அவர்களிடம் அந்தப் புட்டியையே திருப்பிக் காட்டுகிறேன். அது ஒரு சின்னஞ்சிறு ஏரி. ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதை நம் முன்னோர் எத்தனையாகப் பகுத்தார்கள்! பாசனத்துக்கு ஏரி, பாண்டி நாட்டில் அதுவே கண்மாய், ஊரார் உண்ணும் நீருக்கு ஊருணி, சிறியது குட்டை, கோயிலருகே தெப்பக்குளம், தாங்கல், ஏந்தல் என இன்னும் பல. கட்டி வைத்தால் தொட்டி. பயனும் அளவும் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். வகைப்படுத்துதல் என்பது இதுதானே?

உறுப்புகளுக்கும் பெயர் உண்டு. நீரைத் திறந்துவிடுவது மதகு; மிகுநீர் வழிந்தோடுவது கலிங்கு. ஏரியின் உள்ளே அமைந்த குமிழித் தூம்பில் நீர் செல்ல ஒரு துளை, சேறு வெளியேற அதன் கீழே ஒரு துளை. நீரோடி, சேறோடி என்று அவற்றை அழைத்தார்கள். கனமானது அடியில் படியும், அடியில் அழுத்தம் மிகும் என்னும் இரண்டு உண்மைகளையும் அறியாதவன் அப்படி ஒரு தூம்பை அமைத்திருக்க முடியாது. ஏரிக்கரை அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருப்பது ஏன் என்று ஒரு மாணவரைக் கேளுங்கள். புட்டியில் கை நனைத்தவர் விடை சொல்வார்.

ஏரி தமிழகத்தில்தானே இருக்கிறது என்பீர்களா? நம் தோட்டத்துத் தொட்டிகளுக்கே வாருங்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டி மங்குகளில் சேர்த்த பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பால் வடிகட்டப்பட்டு, பெருந்தொட்டியில் ஒன்றுசேர்ந்து, நீர் கலந்து, உறைய வைக்கும் தொட்டிக்குப் போகும். ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் உறையும். உறையாமல் இருக்க வேண்டுமானால் அம்மோனியா. மரப்பால் துகள்களின் எதிர்மின்னூட்டத்தை அமிலம் நீக்குவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது இடைநிலைப்பள்ளி வேதியியல் பாடம். அதை நம்மவர் நாள்தோறும் செய்தார்கள்; படித்தவர் எனும் பெயர் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று செண்டாயானில் தோட்ட நிலம் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறி வருகிறது. பால்தொட்டியைக் காணாத பிள்ளைகளுக்கு ஒரு குவளைப் பசும்பாலும் ஓர் எலுமிச்சம்பழமும் போதும். எத்தனை சொட்டுச் சாற்றில் பால் திரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி ஆகியவற்றை அந்தக் குவளையே கற்றுத்தரும்.

தமிழில் உயர்நிலை அறிவியல் முடியுமா என்போர் இலங்கையைப் பார்க்கட்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875 இல் தமிழில் வெளிவந்தது. இன்றும் அங்கே மாணவர்கள் உயர்தரத் தேர்வு வரை அறிவியலைத் தமிழில் படித்து, பின்னர் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆகிறார்கள். பிள்ளைகளின் மூளைக்கும் தமிழுக்கும் பகையில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், நன்றாக வேண்டும். அதை ஆங்கிலப் பாடத்தில் நன்றாகக் கற்பிப்போம். இருமொழித் திட்டத்தில் இல்லாத தேசிய இடைநிலைப்பள்ளிகளில் அறிவியல் மலாய்மொழியில் நடக்கிறது. ஆங்கிலத்தில் படித்துச் செல்லும் பிள்ளையும் அங்கே மொழி மாறித்தான் ஆக வேண்டும். பொருள் விளங்கிய பிள்ளைக்குப் புதிய சொல் மட்டுமே சுமை. விளங்காத பிள்ளைக்குச் சொல்லும் பொருளும் சேர்ந்து இரட்டைச் சுமை.

ஆகவே பெற்றோரே, பள்ளிக்கு வரும்போது ‘எந்த மொழியில் கற்பிக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இம்மாதம் என் பிள்ளை எத்தனை ஆய்வுகளைத் தன் கையால் செய்தது?’ என்று கேளுங்கள். ஆசிரியர் நண்பர்களே, ஆய்வகம் வசதியாக இல்லை என்று காத்திருக்க வேண்டாம். புட்டியும் வாளியும் எலுமிச்சையும் எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, அடுத்த கூட்டத்தில் மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை அளவுக்குவளைக்கும் வெப்பமானிக்கும் ஒதுக்குங்கள்.

நாம் கேட்டுப் பெறும் மொழி மாற்றத்தால் தமிழ்ப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கும். அதன்பின் ‘தமிழ்ப்பள்ளி எதற்கு?’ என்ற கேள்வி வரும். அக்கேள்விக்கு வழிவிட்டவர்கள் நாமே என்று வரலாறு எழுதக் கூடாது.

சிந்திப்போம், செய்து பார்ப்போம்!