பாட்டிலில் ஊர்ப்பேர், பட்டா யார் பேரில்?

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் டிண்டோரி என்றொரு தாலுகா. இன்றைக்கு அந்த ஊர்ப்பேர் ஒயின் பாட்டிலில் அச்சாகி விற்கிறது: சுலா கம்பெனியின் ‘டிண்டோரி ரிசர்வ் ஷிராஸ்’. நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. நல்ல ஒயினில் மண் பேசும் என்கிறார்கள் ருசி தெரிந்தவர்கள்.

பேசட்டும். முதலில் தாதாசாகேப் கெய்க்வாட் பேரைச் சொல்லட்டும். 1902-ல் இதே டிண்டோரி தாலுகாவில் ஆம்பே கிராமத்தில் பிறந்தவர். 1930-ல் தொடங்கிய காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தில் பாபாசாகேப்புக்குத் துணைநின்றவர். 1959-லும் 1964-லும் நிலமற்றவர்களுக்கு நிலம் கேட்டு ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டியவர். இந்துவாகச் சாகப்போவதில்லை என்று 1935-ல் அண்ணல் அறிவித்த இயோலாவும் இந்த மாவட்டம்தான். ஒயின் சுற்றுலாக்காரர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லப்போறாங்க?

சரி, அந்தத் தோட்டங்களில் யார் வேலை செய்கிறார்கள்? ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் இன்னொரு கவாத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. கம்பம் பக்கத்துத் தோழர்களுக்குக் கவாத்து வேலையின் கஷ்டம் தெரியும். நாசிக்கில் இந்த வேலைக்கு சுர்காணா, பேட் மலைப்பக்கத்து ஆதிவாசிகள் கூட்டங்கூட்டமாக இறங்கி வருகிறார்கள். நிலமில்லாத தலித்துகளும் கூலிக்குப் போகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று கூட்டத்துக்கே மொத்தமாகக் கூலி பேசும்போது, தனித்தனி ஆளுக்கு ஏது பேர்?

கவாத்து முடிந்ததும் கொடி ஒரே சீராகத் துளிர்க்கணும் என்று கணுக்களில் ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறார்கள். தோலைப் புண்ணாக்கும் நஞ்சு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் அதற்கு அனுமதி மறுத்துவிட்டது. அது உடம்பில் ஏறியபின் கொஞ்சம் சாராயம் குடித்தாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். திராட்சைக் கொடியைத் தட்டி எழுப்புகிற கைக்கு மது விஷமாகிறது. குடிக்கிறவர்களுக்கோ அது பண்பாடு!

மதுவுக்கும் சாதி உண்டு தோழர்களே. 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை போட்டு, ஒயினுக்குக் கலால் வரிச் சலுகை கொடுத்தது. பின்னால் 20 சதவீத விற்பனை வரியில் 16 சதவீதத்தை ஆலைகளுக்கே திருப்பித் தரும் திட்டமும் வந்தது. 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது, ‘விவசாயிக்காக’ என்றார்கள். ஒயின் மதுவே அல்ல என்றுகூடப் பேசினார்கள். அதே மாநிலத்தின் 1949 மதுவிலக்குச் சட்டமோ ஆதிவாசி காட்டில் பொறுக்கிய இலுப்பைப் பூவைப் பல பத்தாண்டுகள் கட்டுக்காவலில் வைத்திருந்தது. ஒருத்தன் காய்ச்சினால் குற்றம், இன்னொருத்தன் காய்ச்சினால் தொழில்வளர்ச்சி.

அப்போ சாராயத்தை ஆதரிக்கிறீங்களா என்று கேட்பார்கள். இல்லை. குடியை எதிர்த்து நம் சேரிப் பெண்கள் போராடியது நூற்றுக்கு நூறு நியாயம். குடிக்கலாமா கூடாதா என்பது வேறு விவாதம். அரசின் சலுகை யார் மடியில் விழுகிறது என்பதே இங்கே கேள்வி.

வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். கடன் மனுவில் நிலத்துக்கு மதிப்பு, கம்பிக்கும் கல்தூணுக்கும் மதிப்பு, சொட்டுநீர்க் குழாய்க்கும் மதிப்பு. கொடிக்குக் கொடி குனிந்து நிமிர்ந்து கவாத்து பண்ணினவளுக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. 2009-10 வாக்கில் ஒயின் தேங்கி, ஆலைகள் பழம் வாங்காமல் கைவிட்டபோது, விவசாயிகள் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். அவர்கள் நட்டம் செய்தியானது, அது நியாயமும்கூட. கொடியோடு சேர்ந்து பிடுங்கப்பட்ட கூலிநாட்களை யார் எண்ணினார்கள்?

திருப்பித் தரப்படும் அந்த 16 சதவீதம் பொதுப்பணம். அதை வாங்குகிற ஆலை, தனக்குப் பழம் தரும் தோட்டங்களில் ஒவ்வொரு கூலியாளின் பேரும் கூலியும் பதிவேட்டில் இருக்கிறது என்று காட்டணும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, கையுறை, முகமூடி, மருத்துவச் செலவு எல்லாம் நிபந்தனையாகணும். அதே தாலுகாவின் அரசுத் தரிசு நிலமற்றவர்கள் பேருக்கு எழுதப்படணும்.

சலுகை விவசாயிக்காக என்றால், நிலமில்லாத விவசாயி யார் கணக்கில் வருகிறார்? டிண்டோரிக்காரர் 1959-ல் கேட்டதும் இதைத்தான். பதில் இன்னும் பாக்கி.