படிக்க முடியாத பொட்டலம்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ஆனாலும், ஆலங்குளம் கடைத்தெருவில் மஞ்சப்பைக்குள் போவது நெகிழி உறையில் அடைத்த மாவும் தின்பண்டமும்தான். மறுசுழற்சிக்கு எளிதில் உட்படாத பல அடுக்கு உறைகள் குப்பைமேட்டில் எஞ்சுகின்றன.

சூழல் கேடு ஒருபுறமிருக்க, அந்த உறை யாருக்குப் புரிகிறது என்பதே என் கேள்வி. உணவுப் பொருள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. தமிழைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம்.

இவ்வட்டாரப் பெண்கள் பலர் பீடி சுற்றிப் பிழைப்பவர்கள். பீடி உள்ளிட்ட புகையிலைப் பொருள்களின் உறையில் 85 விழுக்காடு பரப்பில் படத்துடன் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது 2016 முதல் விதி. எழுத்தறியாதவருக்கும் அது எட்டும். அதே பெண் தன் பிள்ளைக்கு வாங்கும் நொறுக்குத்தீனியில் உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்பது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. முன்புற எச்சரிக்கை குறித்து மூன்று மாதங்களில் பரிந்துரை அளிக்குமாறு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அந்த எச்சரிக்கை படமாகவும் தமிழிலும் இருக்க வேண்டும்; காலாவதி நாள் முதியோர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதற்குத் தமிழக அரசு தில்லியை வலியுறுத்தட்டும். அரிசி, பருப்பைச் சொந்தப் பையில் எடைபோட்டு வாங்கும் வழக்கம் நம் பலசரக்குக் கடைகளில் இன்னும் உண்டு. அதை ஊக்குவிக்கச் சட்டம் எதுவும் தேவையில்லை.