பட்டமும் துடுப்பும்



ஒகேனக்கலில் பரிசல் ஓட்டும் அன்பர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு பயில்கிறான்.

“சாமி, எங்கள் உறவுக்காரப் பையன் பெங்களூரில் சீனியர் சாப்ட்வேர் என்ஜினீயராக இருக்கிறான், வீடும் கட்டிவிட்டான். என் மகனும் அப்படி ஆக வேண்டும். இருக்கிற அரை ஏக்கரை விற்று, தனியார் கல்லூரியில் இடம் வாங்கிவிடலாமா?” என்று கேட்டார்.

காவிரியில் வெள்ளம் பெருகினால் பரிசலுக்குத் தடை. அன்று வீட்டில் வருமானமும் இல்லை. அத்தகைய தந்தையின் ஏக்கத்தை யார் குறை கூற இயலும்? ஆயினும் நான் ஒரு வினா எழுப்பினேன்: “பரிசல் ஓட்டக் கற்க உங்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று?”

“துடுப்புப் பிடிக்க ஒரு மாதம், சாமி. ஆற்றை அறியப் பத்து வருடம். இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.”

மென்பொருள் தொழிலும் அவ்வாறே. நான்காண்டுப் பொறியியல் பட்டம் துடுப்பைக் கையில் தருகிறது, அவ்வளவே. ‘சீனியர்’ என்னும் சொல் கல்லூரியில் கிடைப்பதன்று. பிறர் எழுதிய நிரலில் பிழை காண்பதும், நள்ளிரவில் கணினி அமைப்பு நின்றுபோனால் பொறுப்பேற்றுச் சீர்செய்வதும், புதியவர்க்குப் பொறுமையாகக் கற்பிப்பதும் பல்லாண்டு உழைப்பில் வருபவை. இன்று கற்ற கணினி மொழி நாளை பழையதாகலாம். கற்கும் பழக்கமோ பழையதாவதில்லை.

அதிராம்பட்டினத்தில் 1953இல் பிறந்த உமர் தம்பியை எண்ணிப் பாருங்கள். அவர் கல்லூரியில் பயின்றது விலங்கியல். பின்னர் துபாய் சென்று பணியாற்றினார். கணினித் துறையில் தேர்ச்சி பெற்றார். ‘தேனீ’ என்னும் எழுத்துருவை உருவாக்கி, எவரும் விலையின்றிப் பயன்படுத்த வழங்கினார். 2006இல் அவர் மறைந்தார். அவர் உழைப்பை இன்றும் தமிழ்க் கணிமையுலகம் நன்றியோடு நினைக்கிறது. பட்டத்தின் பெயர் அவருக்குத் தடையாகவுமில்லை. அவர் கற்றது பட்டத்தோடு முடியவுமில்லை.

ஆதலால் பரிசல்கார அன்பரிடம் இரண்டு செய்திகளைக் கூறினேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021ஆம் ஆண்டு முதல் உண்டு. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தருமபுரியை அடுத்த செட்டிக்கரையிலும், பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆகவே நிலத்தை விற்குமுன் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள் என்பது முதற்செய்தி.

மற்றொன்று: மகனுக்குக் கணக்கிலும் கணினியிலும் உண்மையில் நாட்டம் உண்டா என அவனையே கேளுங்கள் என்றேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். “அதை மட்டும் கேட்கவில்லை, சாமி” என்றார்.

நம் இல்லங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் முன், இன்றிரவு உணவு முடிந்ததும் பிள்ளையை அருகில் அமர்த்திக் கேளுங்கள். விடை நீங்கள் எதிர்பாராததாக இருப்பினும் முழுவதும் செவிமடுங்கள். நிலத்தைப் பிறகும் விற்கலாம். பிள்ளையின் நான்காண்டுகளைத் திரும்பப் பெற இயலாது.