வெள்ளப் படகுக்கு எந்தப் பசை?

கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டிய குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் பணம் போட்டு, காற்று அடிக்கிற படகு ஒன்று வாங்கி வைத்தோம். இப்போது எடுத்துப் பார்த்தால் காற்று நிற்கவில்லை. சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டலாமா?"

வேண்டாம். அன்றைக்கு ஒட்டும், அவசரத்துக்குப் பிரியும்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டைப் பக்கம் மாடிகளிலிருந்து பெரியவர்களைப் படகில் இறக்கியதை யாரால் மறக்க முடியும்? அப்படி ஒரு நாளில், பாட்டியை உட்கார வைத்த பிறகு ஒட்டு பிரிந்தால்?

முதலில் படகு எந்தத் துணி என்று பாருங்கள். ரெக்ஸின் மாதிரி பளபளப்பாக இருந்தால் அநேகமாகப் பிவிசி. வெளியே மங்கலாக, உள்பக்கம் ரப்பராக இருந்தால் ஹைப்பலான். ஒரு மூலையில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஹைப்பலான் மாவாக உதிரும். பிவிசி அப்படி உதிராது.

பிவிசிக்கு வேண்டியது, ஹார்ட்னர் கலந்து பூசும் பாலியூரிதேன் பசை. ஹைப்பலானுக்கு நியோபிரீன் பசை, அதற்கும் ஹார்ட்னர் உண்டு. மாற்றிப் போட்டால் வேலைக்கு ஆகாது. பிவிசி வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது மெல்லக் கசிந்து சாதாரண ரப்பர் பசையை இளக்கிவிடும். ஃபெவிக்விக் கண்ணாடி மாதிரி இறுகி, மடக்கும்போது விரிசல் விடும். பிளம்பர் வைத்திருக்கும் பைப் சொல்யூஷனும் அதே கதைதான். பெயரில் பிவிசி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்!

சோப்பு நுரை தடவினால் ஓட்டை குமிழி விடும். வட்டமிட்டுக்கொண்டு காற்றை இறக்குங்கள். சுற்றிலும் 2 அங்குலம் மூடும்படி அதே வகைத் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். ஹைப்பலான் என்றால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பிறகு அசிடோனால் துடையுங்கள் (பக்கத்தில் அடுப்பு, விளக்கு கூடாது). துண்டிலும் படகிலும் பசையை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, இன்னொரு பூச்சு. விரலில் லேசாகப் பிசுபிசுக்கும் பதத்தில் ஒட்டி, பூரிக்கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டுங்கள். 24 மணி நேரம் காற்று அடிக்கக் கூடாது.

இந்தப் பசைகளுக்கு ஈரக்காற்று ஆகவே ஆகாது. ஐப்பசியில் மழை அறிவிப்பு வந்த பிறகு ஓடி ஓடி ஒட்டினால் பசைதான் வீண். சித்திரை, வைகாசியில் ஒரு மத்தியானம், காற்றோட்டமான நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஊதி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். வால்வில் கசிந்தால் பசை உதவாது, வாஷரைப் பாருங்கள். மடித்து, எலி வராத இடத்தில் வையுங்கள். பெட்டி மேல் 1070 என்று பெரிதாக எழுதுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை எண் அது. உங்கள் படகு தெருவில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு மட்டும்தான். இழுத்து ஓடும் தண்ணீர் என்றால் மீட்புப் படையைக் கூப்பிடுங்கள்.