கூலி என்னும் சொல்லும் நம் நாணமும்

படிக்காவிட்டால் கூலியாகத்தான் போவாய் என்று மாணவனை அச்சுறுத்துவோர் இன்றும் உளர். அவ்வாறு உரைப்பவர் தமிழாசிரியராகவும் இருப்பாராயின், அதனினும் இரங்கத்தக்கது யாது?

ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், செருமானியர், ஒல்லாந்தர் ஆகியோர் ஒலியைச் சிறிதே மாற்றி வழங்கும் சொல் இது. மலாய் மொழியிலும் 'குலி' என உண்டு. இதன் பிறப்பு குறித்து இரு கொள்கைகள் உள. குசராத்துப் பகுதியின் 'கோலி' என்னும் குலப்பெயரே மூலம் என்பர் ஒரு சாரார். தமிழ்க் 'கூலி'யே மூலம் என்பர் மறுசாரார். சான்று முடிவாகாத இடத்தில் வெற்றி முரசு கொட்டுவது புலமையன்று. ஆயின், பொருள் எவ்விடத்தில் திரிந்தது என்பதில் ஐயமே இல்லை.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். உழைக்கும் மனிதன் கூலியாள். வள்ளுவர் 619ஆம் குறளில் முயற்சியின் பயனைச் சுட்ட ஆண்ட சொல்லும் இதுவே. அயலார் நாவிலோ ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று; 'ஆள்' மறைந்தான். கணக்கேட்டில் மனிதன் எண்ணாக நின்ற காலத்திற்கு அச்சொல் பெரிதும் வாய்ப்பாயிற்று.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயத்திற்கு முடிவு ஆகியன அவற்றுள் சில. ஊதியக் கோரிக்கை தமிழ்க் கூலியைப் பற்றியது; மிதிவண்டிக் கோரிக்கையோ, அயலார் 'கூலி' என்றழைத்த மனிதனின் மானத்தைப் பற்றியது. அப்போராட்டம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின.

அச்சொல்லையே கைவிட்டால் இழிவு நீங்காதோ எனச் சிலர் வினவலாம். மனிதனைத் தொழிலாளி என்றே அழைப்போம், அதில் மறுப்பில்லை. ஆனால் உழைப்பின் பயனைக் குறிக்கும் நற்சொல்லை, பிறர் பழித்தார் என்பதற்காக நாமும் பழிப்பது, அவர் தீர்ப்புக்கு நாம் கையொப்பமிடுவதே ஆகும்.

கிள்ளான் தோட்டங்களில் பால் வெட்டியோர், பிரிக்பீல்ட்சில் குடியிருந்து இரயில்வேயில் உழைத்தோர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். பாட்டன் பெற்ற கூலியில்தான் தந்தை எழுத்தறிந்தான். அக்கூலியைச் சுட்டிப் பேரனை அச்சுறுத்துவது கல்வியாகுமா? அடுத்த முறை அச்சொல் நாவில் எழும்போது, ஆசிரியர் அதன் பொருளைக் கரும்பலகையில் எழுதட்டும்.