பொறி இடைவெளி வெறும் இடைவெளி அன்று

கல்லூரி அறிவியல் கண்காட்சிகளில் டெஸ்லா சுருளுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. மின்னல் எத்தனை அங்குலம் பாய்கிறது என்பதே பார்ப்போரின் முதற்கேள்வி. இந்த அளவுகோலில் எனக்கு உடன்பாடில்லை. மாணவரின் அறிவு அந்த மின்னலில் தெரிவதில்லை. அதனை இயக்கும் பொறி இடைவெளியில் தெரிகிறது.

மொழியியல் பயில்பவருக்கு இதில் என்ன வேலை எனலாம். சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. 'இடைவெளி' என்பது ஒன்றுமில்லாத இடத்தைக் குறிக்கும் சொல். ஆகவே, இரண்டு போல்ட்டுகளை எதிரெதிரே நிறுத்தினால் போதும் என்ற எண்ணம் எழுகிறது. உண்மையில் அது ஒரு சுவிட்ச். மின்தேக்கி நிறையும்வரை அது திறந்திருக்க வேண்டும். மின்னழுத்தம் எல்லையைத் தொட்டதும் மூட வேண்டும். ஆற்றல் துணைச் சுருளுக்குச் சென்றவுடன் மீண்டும் திறக்க வேண்டும்.

பற்றவைப்பது எளிது, அணைப்பதே கடினம். அயனியான சூடான காற்று எஞ்சியிருந்தால், துணைச் சுருளுக்குச் சென்ற ஆற்றல் திரும்பிவந்து பொறியிலேயே வெப்பமாக வீணாகும். அதனால்தான் தேர்ந்தவர்கள் செம்புக் குழாய்த் துண்டுகளை வரிசையாக நிறுத்திப் பல சிறு இடைவெளிகளாகப் பிரிக்கிறார்கள். விசிறியால் காற்றும் செலுத்துகிறார்கள். சமதளப் பரப்புகளுக்கு இடையே காற்று மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டில் முறியும். கூர்முனைகளில் அதற்கு முன்பே முறியும். நீண்ட மின்னலுக்கு ஆசைப்பட்டு இடைவெளியை அகட்டினால், பொறி தோன்றுமுன் மின்தேக்கியோ மின்மாற்றியோ பழுதாகும்.

1890களில் கொல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸ் இதனை நன்கறிந்திருந்தார். பொறி பட்டுப்பட்டு உலோகப் பரப்பு சொரசொரப்பானால் அலை சீர்கெடும் என்பதால், பொறி பாயும் கோளத்திற்குப் பிளாட்டினத்தைத் தேர்ந்தார். அவரது அக்கறை பொறியின் நீளத்தில் அன்று, அதன் ஒழுங்கில் இருந்தது.

தமிழில் 'பொறி' என்பது தீத்துளியையும் இயந்திரத்தையும் எலியைப் பிடிக்கும் கூண்டையும் குறிக்கும். மூன்றாம் பொருளை நாம் மறந்துவிடுகிறோம். மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றி ஏறத்தாழ 2,000 வோல்ட்டை, உயிரைப் பறிக்கப் போதுமான மின்னோட்டத்துடன் தருவது. மின்தேக்கியோ இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கும். பொறியிலிருந்து கண்ணைத் தாக்கும் புற ஊதாக் கதிரும், நெஞ்சை அடைக்கும் ஓசோனும் எழும். மின்னலை மட்டும் காட்டும் காணொளியைக் கண்டு செய்பவருக்கு இவை தெரிய வழியில்லை.

ஆகவே நடுவர்களாக அமரும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்னலை அளக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இடைவெளியை எந்த மின்னழுத்தத்திற்கு வகுத்தீர்கள்? பொறி எவ்வாறு அணைகிறது? மின்தேக்கியில் எஞ்சும் மின்னூட்டம் எவ்வழியே வடிகிறது? மாணவர் தம் தாய்மொழியிலேயே விடை சொல்லட்டும். ஆங்கிலக் கலைச்சொற்களை ஒப்பிப்பதைவிட அதில்தான் புரிதல் வெளிப்படும். விடை வராவிட்டால் அந்தக் கருவிக்கு அன்று மின்னிணைப்பு வேண்டாம்.